அரேஞ்சரின் பெயரையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய திரைப்பாடல்களைத் தனி வயலினுக்கும் இசைக்குழுவுக்கும் ஏற்ப அமைத்து வாசித்த நிகழ்ச்சி ஒன்று அண்மையில் எங்கள் பெரம்பூர்ப் பக்கம் நடந்தது. அதன் அழைப்பிதழில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், வயலின் கலைஞர் ஆகியோரின் பெயர்களோடு ஒலிபெருக்கி அமைத்தவரின் பெயரும் இருந்தது. அத்தனை வாத்தியங்களுக்கும் நோட்டு எழுதித் தந்த அரேஞ்சரின் பெயரை மட்டும் காணவில்லை. விழாக்குழுவின் கவனக்குறைவு என்று இதை விட்டிருப்பேன். நாளிதழ்களின் இசை விமர்சனங்களிலும் அந்தப் பெயர் பெரும்பாலும் விடுபடுவதால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

பாடலில் சரணத்தின் மெட்டு மீண்டும் மீண்டும் வந்தாலும் வரிகள் மாறுவதால் கேட்பவருக்குச் சலிப்பதில்லை. வயலினுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே, இரண்டாம் சரணத்தை ஒரு ஸ்தாயி கீழிறக்கி வயலினின் மிகத் தாழ்ந்த தந்தியான ஜி தந்தியில் வாசிக்க வைப்பதா, அல்லது மெட்டை ஓபோ என்னும் குழல் வாத்தியத்திடம் ஒப்படைத்துவிட்டு அதன்மேல் வயலினை வேறொரு மெட்டில் உலவ விடுவதா என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தனி வயலின் பாடும் அதே ஸ்தாயியில் பின்வரிசை வயலின்களும் முழுவீச்சில் வாசித்தால் தனி வயலின் அதில் மூழ்கிவிடும். அந்த இடத்தில் அவற்றை அடக்கி, வயலினைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் வியோலாவுக்கும் செல்லோவுக்கும் வேலையை மாற்றித் தரத் தெரிய வேண்டும். நம் பாடல்களில் ஸ்வரத்தை அசைத்து இசைக்கும் கமகம் வேறு இருக்கிறது. ஐந்து கோட்டு நொட்டேஷனில் ஸ்வரம் அடங்கும், அதன் அசைவு முழுவதும் அடங்காது. வாசிப்பவர் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டித் தரையில் அமர்பவரா, மேற்கத்திய முறையில் தேர்ந்தவரா என்பதைப் பொறுத்து எழுதும் முறையே மாறும். இவ்வளவும் செய்தவரை நகலெடுத்துக் கொடுத்தவர் போல நடத்துவது நியாயமாகப் படவில்லை.

ஜான் வில்லியம்ஸ் நடத்த, பிட்ஸ்பர்க் சிம்பொனி இசைக்குழுவுடன் வயலின் கலைஞர் இட்சாக் பெர்ல்மன் வாசித்த திரையிசைத் தொகுப்பு 1997இல் வெளிவந்தது. அதில் சில பாடல்களை அமைத்தவர் ஏஞ்சலா மார்லி என்பது ரசிகர்களுக்குத் தெரியும். ஹாலிவுட் இசையமைப்பாளர் கோர்ன்கோல்டு தம் படங்களுக்கு எழுதிய இசையிலிருந்தே, தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் வயலின் கன்சர்ட்டோ ஒன்றை உருவாக்கினார். அதை 1947இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வயலின் மேதை ஹைஃபெட்ஸ் அரங்கேற்றினார். திரைக்காக எழுதியதைத் தனி வயலினுக்கு மாற்றுவது அங்கே படைப்பாகவே மதிக்கப்பட்டிருக்கிறது.

வட சென்னைக்காரனாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், குடும்பத்தோடு மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். அந்தப் பாடத்துக்கு ஏற்பாடு செய்த மணலி சின்னையா முதலியாரின் பெயரை இசை வரலாறு இன்றும் குறிப்பிடுகிறது. ஆசிரியரை அமர்த்தியவருக்கே அந்த மரியாதை உண்டென்றால், நோட்டு முழுவதையும் எழுதியவருக்கு ஒரு வரியாவது இருக்க வேண்டாமா?

எனவே, இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு வரும் தங்கள் விமர்சகர்கள், அரேஞ்சர் யார் என்று விசாரித்து அப்பெயரையும் வெளியிட வேண்டுகிறேன். பாடகரின் வரியை வயலின் அப்படியே பின்தொடர, கீபோர்டு பின்னணி நிரப்பும் சோம்பலான அமைப்புகளும் மேடையேறுகின்றன. அவற்றைக் குறைசொல்வதற்கும் அந்தப் பெயர் தேவைப்படும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.