பிளஸ் டூ பெற்றோருக்கு: சனிக்கிழமைப் படிப் பரிசோதனை குறித்து

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

பிளஸ் டூ பிள்ளைகளின் இதயமும் நுரையீரலும் எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்பதை வரும் சனிக்கிழமை காலை பள்ளியில் அளக்க இருக்கிறோம். போன கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு அப்பா எழுந்து, "ஏனுங்க சார், எம் பையன் சென்னிமலைப் படி 1,320-ஐயும் ஒரே மூச்சுல ஏறீருவான். அவனுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

மலையேறினால், ஏறி முடித்தான் என்பது மட்டும் தெரியும். அதற்கு அவன் இதயம் என்ன பாடுபட்டது என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஒரே உயரம், ஒரே தாளம், ஒரே நேரம் கொடுத்து, நின்றவுடன் நாடியை எண்ண வேண்டும். 41.3 செ.மீ. உயரத்தில் மரப்பெட்டி செய்து வைத்திருக்கிறோம். தாளக்கருவி அடிக்க அடிக்க மூன்று நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பையன்கள் நிமிடத்துக்கு 24 தடவை, பெண் பிள்ளைகள் 22 தடவை. நிறுத்திய ஐந்தாவது நொடியிலிருந்து 15 நொடி நாடி பார்த்து, நான்கால் பெருக்குவோம். நியூயார்க்கின் குயின்ஸ் கல்லூரியில் மாணவிகளை வைத்து உருவாக்கிய முறை இது, 1972-இல் வெளியானது.

உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் என்பதே இதில் தேடும் அளவு. ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று சொல்வார்கள். நேரடியாக அளக்க ஆய்வகம் வேண்டும்: முகமூடி மாட்டி, டிரெட்மில்லின் வேகத்தையும் சரிவையும் கூட்டிக்கொண்டே போய், இனி முடியாது என்கிற வரை ஓட வைத்து, விடும் மூச்சை ஆராய்வார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் பலமான இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும். அதே வேலைக்குக் குறைவாகத் துடித்தால் போதும். அதனால் நாடியிலிருந்தே அளவைக் கணிக்கலாம். படியேறியபின் பையனின் நாடி 148 என்றால், அதை 0.42-ஆல் பெருக்கி 111.33-இலிருந்து கழிக்க, சுமார் 49 வரும். நாடி 168 என்றால் 41-க்குச் சற்றுக் கீழே. பெண் பிள்ளைகளுக்குச் சூத்திரமே வேறு. ஆகவே வீட்டில் அண்ணன் எண்ணையும் தங்கை எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டாம்.

இது மதிப்பீடுதான், துல்லியமில்லை. ஆகவே இதை ரேங்க் ஆக்க மாட்டோம், வாட்ஸ்அப் குழுவிலும் போட மாட்டோம். அவரவர் எண் அவரவர் கையில். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் இதே பெட்டியில் மறுபடி ஏறச் சொல்லி, தன் பழைய எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

ஓட்டப் பரிசோதனை வைக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். 1968-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கூப்பர் வெளியிட்ட 12 நிமிட ஓட்டம் நல்ல முறைதான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற இந்த மாதங்களில் நம் மைதானத்தில் பாதிச் சுற்று எதிர்காற்று. தூரம் காற்றுக்கேற்ப மாறும். பழக்கமில்லாத பிள்ளை வீம்புக்கு முழு மூச்சாக ஓடுவதும் எனக்குச் சம்மதமில்லை. போலீஸ் வேலைக்குத் தயாராகிறவர்களுக்கு உடற்கல்வி ஆசிரியர் 1,500 மீட்டர் பயிற்சியைத் தனியாகத் தருவார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு படிவம் வருகிறது. ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், இளைப்பு வந்ததுண்டா, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்ததுண்டா என்றெல்லாம் அதில் கேட்டிருக்கிறோம். நாளைக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வருமே என்று பெண் பிள்ளைகளின் வீட்டில் மறைப்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து மறைக்காதீர்கள். எதற்காவது 'ஆம்' என்று எழுதினால் பிள்ளை அன்று படியேறாது. முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்வோம், அவ்வளவுதான். உறையில் ஒட்டிக் கொடுங்கள், நான் மட்டும் பிரிப்பேன். இளைப்புக்கு இன்ஹேலர் பயன்படுத்தும் பிள்ளை அதைக் கையோடு கொண்டு வரட்டும். மாதவிலக்கு நாளாக இருந்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை; வேறு நாள் தருவோம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி தறி ஓட்டவோ பனியன் கம்பெனி வேலைக்கோ அனுப்பாதீர்கள். தூக்கம் கெட்டால் நாடி எகிறும், எண் பொய் சொல்லும். காய்ச்சல், சளி இருந்தாலும் அப்படியே, அனுப்ப வேண்டாம். பரிசோதனை எட்டரை மணிக்கு. ஆறரைக்குள் இரண்டு மூன்று இட்லி சாப்பிடட்டும், வெறும் வயிற்றோடு வேண்டாம். டீ, காபி பரிசோதனை முடிந்தபிறகுதான். பள்ளியிலேயே போட்டுத் தருகிறோம். செருப்பு ஆகாது, கேன்வாஸ் ஷூ வேண்டும். இல்லாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் பள்ளியில் ஏற்பாடு செய்வோம். கையெழுத்திட்ட படிவம் வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்துவிட வேண்டும். படிவம் தராத பிள்ளையைப் பெட்டியில் ஏற்ற மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்