பாலர் பள்ளிப் பிள்ளைகளும் தேசிய தினமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பேத்திக்கு நாலு வயசு. போன ஆகஸ்ட்ல, நம்ம சிங்கப்பூர் தேசிய தினத்துக்காக, பாலர் பள்ளியிலேருந்து பேப்பர்ல செஞ்ச தேசியக் கொடி ஒண்ணு கொண்டு வந்தா, அழகாத்தான் இருந்துச்சு, ஆனா எல்லாமே டீச்சரே வெட்டி வச்சது, பிள்ளை பசை மட்டும்தான் தடவியிருக்கு. எத்தனை நட்சத்திரம்மான்னு கேட்டா முழிக்கிறா. எனக்கு மனசே கேக்கல.

அன்னைக்கு ராத்திரியே சிவப்பு பேப்பரைக் குடுத்து நீயே கிழிச்சு ஒட்டுன்னு விட்டேன். கோணல் மாணலாத்தான் வந்துச்சு, பரவாயில்ல. பிறைன்னா நம்ம நாடு வளர்ற இளம் நாடு, அஞ்சு நட்சத்திரமும் ஜனநாயகம், அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம்னு சொன்னேன். சமத்துவம்னா என்ன பாட்டின்னு கேட்டா, பக்கத்து வீட்டு மலாய்ப் பையனுக்கும் எதிர்வீட்டு சீனப் பாப்பாவுக்கும் உனக்கும் ஒரே அளவு கேக்னு சொன்னதும் டக்குனு புரிஞ்சுக்கிட்டா. மறுநாள் ஊதா கலர்ல கைய முக்கி அச்சு வச்சு ஆர்க்கிட் பூ செஞ்சோம், 1981ல அதை தேசிய மலரா தேர்ந்தெடுத்த கதையும் சொன்னேன். வாசல்ல கொடி கலர்ல சின்னதா ஒரு கோலமும் போட்டோம்.

டீச்சர்மாருக்கு வேலை அதிகம்னு தெரியும், குறை சொல்லல. ஆனா பிள்ளைங்களையே கிழிக்க, ஒட்ட, கேள்வி கேக்க விடுங்க. தேசிய தின வாரத்துல தமிழ்ப் பிள்ளைங்களுக்கு நம்ம தேசிய உறுதிமொழியான பற்றுறுதிய தமிழ்லயும் ரெண்டு வரியாவது சொல்லிக் குடுங்க.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு பாட்டி