பூண்டிக்கு ஒரு நாள் வாருங்கள்

சென்னை மாநகராட்சியின் 200 மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் வில்லிவாக்கத்தில் குடியிருப்பவன். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வந்து நின்றது எங்கள் பகுதியில்தான். வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். திரும்பி வந்தால், தெருமுனையில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்காகக் காத்திருந்தார் அம்மா. எந்தக் குடம் யாருடையது என்று சண்டை வராமலிருக்க, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் துணி கட்டியிருந்தார்கள். எங்களுடையது மஞ்சள். இன்றும் அந்தத் துணியை அவிழ்க்க அம்மா விடுவதில்லை.

நம் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்று அந்தக் கோடையில்தான் தேடிப் படித்தேன். தேடிய வழியில், நீங்கள் இன்று உட்காரும் மாமன்றத்தில் ஒரு காலத்தில் மேயராக இருந்தவர் எதிர்ப்பட்டார்: தீரர் சத்தியமூர்த்தி.

1887இல் புதுக்கோட்டை சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்தவர். வக்கீலுக்குப் படித்தவர், மேடையேறினால் கூட்டத்தைக் கட்டிப்போடுபவர், நாடகத்தில் நடித்தவர், காமராஜரை அரசியலில் வளர்த்தெடுத்தவர். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி போராடியபோது அதை எதிர்த்து நின்றவரும் இவர்தான். அந்தப் பிழையை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. நான் சொல்ல வந்தது அவர் மேயராக இருந்த நாட்களைப் பற்றி.

1939இல் மேயரானார். அன்றைக்கு மேயர் பதவி ஓராண்டுக்குத்தான். உலகப் போர் தொடங்கியிருந்தது. காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகி, மாகாணம் ஆங்கிலேய கவர்னரின் கையில் இருந்தது. சென்னையிலோ தண்ணீர்ப் பஞ்சம். புழல் ஏரியை மட்டும் நம்பி இந்த நகரம் பிழைக்காது, திருவள்ளூர் பக்கத்துப் பூண்டியில் கொசஸ்தலையாற்றை மறித்துத் தேக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். யாருடைய ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போனாரோ, அதே ஆட்சியின் கவர்னரிடம் போய் வாதாடி இசைய வைத்தார். 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

அணை எழும்பிக்கொண்டிருந்தபோது 1942 வந்தது. ஆகஸ்ட் போராட்டத்தில் கைதாகி, தொலைவில், இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்தப் பயணத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டது. பிறகு அவர் தேறவே இல்லை. 1943 மார்ச் 28 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. காமராஜர் அப்போது சிறையில் இருந்தார். அடுத்த ஆண்டு, 1944இல், பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அதில் தேங்கிய தண்ணீரில் ஒரு வாய்கூட அவர் குடிக்கவில்லை.

சென்ற மழைக்காலம் முடிந்ததும் பூண்டிக்குப் போயிருந்தேன். கரைமேல் நின்றால் எதிர்க்கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர். கிருஷ்ணா நீரும் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. இதன் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. இங்கிருந்து புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போய், சுத்திகரிப்பு நிலையங்களைத் தாண்டி, எங்கள் வீட்டுக் குடத்துக்கு வருகிறது. பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகளிடம் இதைக் கட்ட வைத்தவர் யார் என்று கேட்டேன். பெயர்ப்பலகையைப் பார்த்துப் படித்துச் சொன்னார்கள். அதற்குமேல் அவர்களுக்குத் தெரியவில்லை. அது அவர்கள் குற்றமல்ல.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் மார்ச் மாதத்தில்தான் வருகிறது. சத்தியமூர்த்தி மறைந்ததும் அதே மாதத்தில்தான். பட்ஜெட் விவாதத்துக்கு முன் ஒரு நாள், கட்சி பாராமல் 200 பேரும் பூண்டிக் கரைக்கு வாருங்கள். வந்து பார்த்துவிட்டு, உங்கள் வார்டின் குளத்தையோ ஏரியையோ மீட்க, உங்கள் பதவிக்காலத்துக்குள் முடியாத ஒரு வேலையையாவது தொடங்கி வையுங்கள். திறப்பு விழாக் கல்வெட்டில் வேறொருவர் பெயர்தான் வரும் என்று தெரிந்தே தொடங்குங்கள்.

குடிநீர் 1978 சட்டத்தோடு குடிநீர் வாரியத்துக்குப் போய்விட்டது, நாங்கள் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். 1940இல் மட்டும் என்ன, கொசஸ்தலையாறு மேயரின் அதிகாரத்திலா இருந்தது? அனுமதி கொடுக்க வேண்டியவர் கவர்னர். மேயரின் கையில் இருந்தது ஓராண்டும் ஒரு குரலும்தான். உங்களுக்கு ஐந்தாண்டுகள் இருக்கின்றன, 200 குரல்கள் இருக்கின்றன. மழைநீர் வடிகால்களும் பூங்காக்களும் எத்தனையோ குளங்களும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கின்றன. வடிகாலில் ஓடும் மழைநீரைக் கடலுக்கு அனுப்பாமல் அருகிலுள்ள குளத்துக்குத் திருப்புவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

தேதியைச் சொல்லுங்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு நானும் வருகிறேன். அவர் இன்னும் பூண்டியைப் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாக்காளர்