சித்திரகுப்தனுக்கு ஐந்தாவது டிராஃப்ட்

அன்புத் தம்பிக்கு,

உன் எபிசோடைப் படித்தாயிற்று. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் ஒரு சீரியல் ஆபீஸ். மூன்று தடவை செத்த மாமியாரை, ரசிகர்கள் கேட்கிறார்கள் என்று நாலாவது தடவையும் எழுப்புகிறார்கள். எமலோகத்தில் கணக்கு இடிக்கிறது. சித்திரகுப்தன் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறி வருகிறான். கரு பிரமாதம்.

பத்தாம் பக்கத்துக்கு மேல் அவன் பறக்கிறான், மறைகிறான், மனசைப் படிக்கிறான். அங்கேதான் கதை கழன்றுவிட்டது. அவனுக்கு ஒரே சக்தி போதும்: பேரேட்டில் எழுதினால் நடக்கும். அப்புறம் சேனல்காரர் “ஒரு சின்னத் திருத்தம்தான்” என்று பேனாவை எடுத்தாலே பார்ப்பவனுக்கு வயிறு கலங்கும். அது போக, கிளம்பும்போது மறைவது மட்டும் மாயமாக இருக்கட்டும்.

நீளத்தைப் பார். அரைமணி ஸ்லாட்டில் விளம்பரம் போக சுமார் 22 நிமிடம், அதனால் 22 பக்கத்தில் நிறுத்திவிட்டாய். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது கூரியர் 12 புள்ளி எழுத்தில் அடிக்கிற ஆங்கிலத் திரைக்கதையின் கணக்கு. உன் பிரதியில் இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம். அந்தக் கணக்கு இதற்குச் செல்லாது. ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு நடிக்கிற வேகத்தில் வாய்விட்டுப் படி. வசனமில்லாத இடத்துக்கும் நேரம் விடு. பேரேட்டைத் திறந்து பெயர் தேடவே 5 விநாடி போகும்.

சொந்தத் தொழிலைக் கிண்டலடிக்கச் செலவு அதிகமில்லை. 1998-இல் ஹெர்குலிஸ் என்ற ஆங்கில டிவி தொடரில் ஒரு எபிசோட் இப்படித்தான்: தொடரின் நடிகர்களே அதன் தயாரிப்பாளர், எழுத்தாளர் வேடம் போட்டார்கள், நடுநடுவே பழைய காட்சிகளைச் செருகினார்கள். தயாரிப்பாளர் ராபர்ட் டேப்பர்ட்டாக வந்தவர் புரூஸ் கேம்பல். அடி தங்கள் முதுகில் விழுந்ததால் யாரும் கோபித்துக்கொள்ள வழியில்லை. நீ சேனலை மட்டும் வில்லனாக்கியிருக்கிறாய். மாமியாரை எழுப்ப முதலில் தலையாட்டியவன் எழுத்தாளன்தானே?

மறைகிற ஷாட்டுக்கு கிராஃபிக்ஸ் வேண்டாம். கேமராவை டிரைபாடில் பூட்டு, காலில் மணல் மூட்டை கட்டு. ஃபோகஸ், எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ் மூன்றும் மேனுவல். சித்திரகுப்தன் நின்ற இடத்தில் தரையில் டேப் ஒட்டு. மற்றவர்கள் அப்படியே உறைந்து நிற்க, அவன் மட்டும் ஃபிரேமை விட்டு வெளியேறட்டும். எடிட்டில் அந்த நடையை வெட்டினால் ஆள் மாயம். கெடுப்பது ஜன்னல்தான். கோலாலம்பூர் மத்தியான வெயில் இரண்டு நிமிடத்தில் கறுத்துவிடும், வெட்டு பல்லிளிக்கும். கறுப்புத் துணியால் மூடு. ஃபேனை நிறுத்து. சுவர்க் கடிகாரத்தைக் கழற்று. மேசையில் இருக்கும் தே தாரேயை, அதாவது இழுத்து ஆற்றின பால் டீயை, யாரும் குடிக்கக் கூடாது. கிளாஸில் அளவு சட்டென்று இறங்கினால் கண் அங்கேதான் போகும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி. போனை 30 ஃபிரேமிலேயே விட்டு எடுத்தால் டியூப் லைட் படபடக்கலாம்.

கதைத் திருட்டுக் காட்சியில் ஒரு சட்டப் பிழை. எழுத்தாளன் “என் ஐடியாவுக்குக் காப்பிரைட் இருக்கு” என்று கத்துகிறான். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் வெறும் ஐடியாவைப் பாதுகாக்காது, எழுதிவைத்த வடிவத்தைத்தான் பாதுகாக்கும். பதிவு கட்டாயமில்லை, வேண்டுமானால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் அறிவிப்புச் செய்து வைக்கலாம். இதுவே நல்ல ஜோக். மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், வாயால் சொன்ன கதைக்குச் சாட்சி தேடி அலைகிறவன் முன்னால், எல்லாவற்றையும் தேதியோடு எழுதிவைத்திருக்கும் ஒரே ஆள் பேரேட்டோடு உட்கார்ந்திருக்கிறான்!

சாமியைக் கேலி செய்வதாகத் தோன்றினால் சேனலுக்குக் கதை சொல்லும் பிட்சிங்கிலேயே ஃபைல் மூடப்படும். சிரிப்பு குமாஸ்தா வேலையில் இருக்கட்டும்: ரசீது, முத்திரை, மூன்று நகல். எமனைக் காட்டவே காட்டாதே, போனில் குரல் மட்டும் போதும்.

கடைசிக் காட்சியில் எழுத்தாளன் கலையைப் பற்றிப் பேசும் ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிடு. சித்திரகுப்தன் தன் பேரேட்டையே சேனலில் கொடுக்கட்டும். அது சிவப்பு மையோடு திரும்பி வரட்டும்: “நரகம் ரொம்ப இருட்டு. குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி மாற்றவும். வெள்ளிக்குள் வேண்டும்.”

திருத்தியதை அனுப்பு. ஃபைலுக்கு ‘ஃபைனல் ஃபைனல் 2’ என்று பேர் வைக்காதே, தேதி போடு.

அன்புடன்,
அண்ணன்