தீபாவளி சீசனும் மடிப்பு வேலையும்

தம்பி,

நீ கனடாவுல இருந்து அனுப்பின வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். நீ வேலை பாக்குற கடையில பிளாக் ஃப்ரைடே தள்ளுபடிக் கூட்டம், நின்னு நின்னு உள்ளங்கால் எரியுது, பின்னாடி பெட்டி பிரிச்சு அடுக்குறதே பொழப்பா இருக்கு, முன்னாடி நின்னு விக்கிறவனுக்குத்தான் பேரு, என்னைய யாருமே கண்டுக்கிறதில்லன்னு சொல்லியிருந்த. போன்லயே பேசிரலாம்னுதான் பாத்தேன், ஆனா நான் கடையில இருந்து வர்றப்ப நீ கிளாஸ்ல இருக்க, நீ ஃப்ரீ ஆகுறப்ப நான் கடைக்குக் கெளம்பிட்டிருக்கேன், அதான் டைப் பண்றேன். பாதி மைக்ல சொன்னது, எழுத்து அங்கங்க தப்பா இருக்கும், நீயே சரி பண்ணிப் படிச்சுக்க.

மதுரையில நான் சேலை செக்‌ஷன் பாத்துக்குற நம்ம ஜவுளிக்கடையில தீபாவளி இந்த வருசம் எப்படிப் போச்சுன்னு உனக்கு நான் ஒழுங்கா சொல்லவே இல்ல. 2025 அக்டோபர் 20, திங்கக்கிழமைல வந்துச்சா, திங்கள்ல வந்தா முதலாளிக்கு சந்தோசம், முந்துன சனி ஞாயிறு ரெண்டும் முழுசா யாவாரம். எங்களுக்குத்தான் இடுப்பு ஒடஞ்சு போகும். எத்தன வருசமா பாக்குறேன், ஜனங்க கைக்கு போனஸ் வராம ஜவுளி எடுக்க மாட்டாங்க, போனஸ் கடைசி வாரம்தான் வரும், அப்புறம் விளக்குத்தூண்ல இருந்து தெற்கு மாசி வீதி வரைக்கும் அழகர் எதிர்சேவைக்கு நிக்கிற மாதிரி கூட்டம். இதுல 16-ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சிருச்சுன்னு அறிவிச்சுட்டாங்க. மழைக்கு ஒதுங்குறவங்க எல்லாம் கடைக்குள்ள ஏறிருவாங்க, அதுல பாதிப் பேரு ஏதாவது எடுக்கத்தான் செய்வாங்க, அது லாபம்தான், ஆனா ஈரக்கையோட பட்டுல கை வைப்பாங்க பாரு, அப்ப எனக்கு உசுரே போயிரும். வெளிய தரைக்கடை போட்டவங்க பாடு அதவிட மோசம், தார்ப்பாயை இழுத்து மூடுறதும் தெறக்குறதுமாவே இருந்தாங்க பாவம்.

இந்தத் தடவ புதுசா ஒரு தலைவலி ஜிஎஸ்டி. செப்டம்பர் 22-ல இருந்து வரி மாறுச்சுல்ல, டிவியில கொறச்சாச்சு கொறச்சாச்சுன்னு சொல்லிட்டாங்க. அது தச்ச உடுப்புக்குத்தான் தம்பி. 1,000 ரூவாக்கு மேல 2,500 வரைக்கும் 12 சதவீதம் இருந்தது 5 ஆச்சு, 2,500-ஐத் தாண்டுனா 12 இருந்தது 18 ஆயிருச்சு. சேலை துணிக் கணக்கு, அதுக்கு முன்னாடியும் 5 தான் இப்பவும் 5 தான். இதை ஒவ்வொரு கஸ்டமர்கிட்டயும் எப்படி வெளக்குறது? ஒரு அம்மா நம்ம மேலூர்ப் பிள்ளையப் புடிச்சுக்கிட்டு, கவர்மென்ட்டே கொறச்சப்ப நீங்க ஏம்மா கொறைக்கல, அந்தக் காசு யாரு பாக்கெட்டுக்குப் போகுதுன்னு சத்தம் போட்டுட்டாங்க. அந்தப் பிள்ள வேலைக்குச் சேர்ந்தே ஆடித் தள்ளுபடியிலதான், ஆனா அசரல, பழைய பில்லு வீட்ல இருந்தா எடுத்துப் பாருங்கம்மா, அதுலயும் 5 தான் போட்டிருக்கும்னு சொல்லிக்கிட்டே அடுத்த சேலைய விரிச்சிருச்சு. நான் போய் சமாதானம் பண்ண வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு. ரெடிமேட் செக்‌ஷன்லதான் ராத்திரி முழுக்க டேக் மாத்துனாங்க, 2,600 போட்டிருந்த பட்டுப்பாவாடை செட்டை எல்லாம் முதலாளி 2,499-க்கு எறக்கச் சொல்லிட்டாரு, வரியில கஸ்டமருக்கு எவ்வளவு வித்தியாசம் வரும்னு நீயே கணக்குப் போட்டுப் பாரு.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வர்றேன். இந்த நிக்கிற விசயம். 2021-ல நம்ம சட்டசபையில கடை ஊழியருக்கு உக்கார இருக்கை கொடுக்கணும்னு சட்டத் திருத்தமே கொண்டு வந்துட்டாங்க, கேரளாவுல அதுக்கு முன்னாடியே வந்துருச்சு. நம்ம கடையிலயும் ஸ்டூல் வந்துச்சு. வந்து என்ன, சீசன்ல அந்த ஸ்டூல் மேல சூரத்துல இருந்தும் இளம்பிள்ளையில இருந்தும் வந்த சேலை பண்டலுங்கதான் உக்காந்திருக்கும், பிள்ளைங்க நிக்கும். கஸ்டமர் முன்னாடி உக்காந்தா மரியாதை இல்லன்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும் ஊறிப்போச்சு. எனக்கு இதுல சிரிப்புத்தான் வரும். உங்க தாத்தா காலத்து ஜவுளிக்கடையில வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில விக்கிறவரும் உக்காருவாரு, வாங்குறவங்களும் உக்காருவாங்க, மரியாதை ஒண்ணும் கொறஞ்சு போகல. கண்ணாடிக் கவுண்டர் வந்துதான் எல்லாரையும் நிக்க வச்சிருச்சு.

அதனால இந்தத் தடவ நான் என்ன பண்ணேன்னா, மடிப்பை எடுத்துக்கிட்டேன். ஒரு குடும்பம் வந்தா அஞ்சு சேலை எடுக்க அம்பது சேலை பிரிப்பாங்க, அந்த அம்பதும் மலை மாதிரி குமிஞ்சு கெடக்கும். அதைச் சும்மா சுருட்டி வைக்க முடியாது. பழைய மடிப்புக் கோட்டுலயே மடிக்கணும், கண்டபடி மடிச்சா ஜரிகை ஒடஞ்சு வெள்ளையாக் கோடு விழும், முந்தி மேல தெரியணும், ப்ளவுஸ் பிட் உள்ள போகணும், அட்டை நடுவுல நிக்கணும், டேக் வெளிய தொங்கணும். இத்தனையும் நின்னுக்கிட்டு கஸ்டமருக்கு பதில் சொல்லிக்கிட்டே பண்ணுவாங்க. நான் செக்‌ஷனுக்குப் பின்னாடி, குடோன் வாசல்ல ஜமக்காளம் விரிச்சு, மடிப்பு பூரா இங்க, உக்காந்துதான் மடிக்கணும், ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா ஆள் மாறணும்னு சொல்லிட்டேன். கால் ஓய்வும் ஆச்சு வேலையும் ஆச்சுன்னு நெனச்சேன்.

ஒருத்தரும் போகல தம்பி! உக்காரச் சொன்னா உக்கார மாட்டேங்குதுக. ஏன்னா பில்லுல வித்தவங்கன்னு யாரோட நம்பர் விழுதோ அவங்களுக்குத்தான் இன்சென்டிவ், அதான் அந்த ஊக்கத்தொகை, மடிக்கிறவளுக்கு பைசா கெடையாது. சீசன்ல ஒரு மணி நேரம் கவுண்டரை விட்டு வந்தா எத்தன பீஸ் போயிரும், உசிலம்பட்டிப் பிள்ள என் மூஞ்சிக்கு நேராவே கேட்டுருச்சு, அக்கா கால் வலி ராத்திரி தூங்குனா போயிரும் காசு போனா வருமான்னு. நான் வாயத் தெறக்கல, நியாயம்தானே.

அதோட முதலாளிகிட்ட போனேன். கடைசிப் பத்து நாளைக்கு எங்க செக்‌ஷன் இன்சென்டிவ் மொத்தத்தையும் ஒண்ணாப் போட்டு, விக்கிறவங்க மடிக்கிறவங்க பேக்கிங் எல்லாருக்கும் சமமாப் பிரிங்கன்னேன். அவரு கல்லாவுல இருந்து தலையத் தூக்காமயே அது சரிப்பட்டு வராதும்மா, நல்லா விக்கிறவன் சோம்பேறியாயிருவான்னாரு. நான் விடல. ஒரு சேலையில ஜரிகை ஒடஞ்சா தள்ளுபடியில போடுறீங்களே அந்த நட்டம் யாரு கணக்குல வருது, அதை மிச்சம் புடிக்கிறவளுக்கு என்ன குடுக்குறீங்கன்னு கேட்டேன். கடைசி வாரத்துக்கு மட்டும், அதுவும் என் செக்‌ஷனுக்கு மட்டும்னு ஒத்துக்கிட்டாரு.

அந்த வாரம் நடந்தத நீ பாத்திருக்கணும். கஸ்டமரை ஆளாளுக்கு இழுக்குற சண்டை நின்னு போச்சு. இவங்க உன்கிட்ட முன்னாடி வந்தவங்கதானே நீயே பாருன்னு அனுப்பி விடுறாளுக. ஜமக்காளத்துல நானே போய் எந்திரிங்கடி அடுத்த ஆள் வரட்டும்னு சொல்ற அளவுக்கு ஆயிருச்சு, அங்கதான் டீயும் வடையும் போகுதுன்னு வேற கண்டுபிடிச்சுட்டாங்க. ஞாயித்துக்கெழமை ராத்திரி விடிய விடிய கடை ஓடுனுச்சு, திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு வேன் சொல்லியிருந்தோம், ஏறுறப்பகூட சிரிச்சுக்கிட்டுத்தான் ஏறுனாங்க.

ஆனா எல்லாருக்கும் சந்தோசம்னு சொல்ல மாட்டேன். நம்ம செக்‌ஷன்ல நம்பர் ஒண்ணு விக்கிற பையன் இருக்கான்ல, போன வருசத்தவிட அவன் கைக்குக் கம்மியாத்தான் வந்துச்சு. என் ஒழைப்பை ஏன்க்கா பங்கு வைக்கிறீங்கன்னு கேட்டான், பக்கத்துக் கடையில கூப்புடுறாங்கன்னும் சொன்னான். இன்னமும் என்கிட்ட மொகங்குடுத்துப் பேசுறதில்ல. அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, அவன மாதிரி ஒரு ஆள் இருந்தாத்தான் கடைக்குள்ள வந்தவங்க வெறுங்கையோட போக மாட்டாங்க. பொங்கலுக்கு முழுசா சமமா இல்லாம விக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கூட வச்சு மிச்சத்தைப் பொதுவுல போடலாமான்னு அவன்கிட்டயே கேக்கப் போறேன். முதலாளிகிட்ட இன்னும் பேசல, அவரு ஸ்டாக் கணக்கு முடியுற வரைக்கும் யாரு என்ன சொன்னாலும் கடிப்பாரு.

உன் பெட்டி அடுக்குற வேலைக்கு அங்க என்ன கணக்குன்னு எனக்குத் தெரியாது. படிக்கிறவங்கள வாரத்துக்கு 24 மணி நேரந்தான் வேலை பாக்க விடுறாங்கன்னு சொன்னயே, அதுக்கு மேல யாரும் நைஸாக் கேட்டாலும் நிக்காத, படிக்கப் போன பிள்ள நீ. உங்க மேனேஜர்கிட்ட நேரா போய்க் கேளு, ஒரு மணி நேரத்துக்காவது என்னைய முன்னாடி விக்கிற இடத்துக்கு மாத்தி விடுங்கன்னு. கேக்குற பிள்ளைய எந்த மேனேஜரும் தப்பா நெனைக்க மாட்டாங்க, எனக்குக் கேக்குறவங்களத்தான் புடிக்கும், மனசுல வச்சுக்கிட்டு மொணங்குறவங்கள வச்சுத்தான் பாடு. அப்புறம் அந்தத் தட்டையான ஷூவத் தூக்கிப் போட்டுட்டு நல்ல குஷன் வச்சதா ஒண்ணு வாங்கு, காசு நான் அனுப்புறேன், அப்பாகிட்ட சொல்லிக்கிட்டிருக்க வேண்டாம்.

உனக்கு ரெண்டு வேட்டி எடுத்து வச்சிருக்கேன், ஒண்ணு ஒட்டிக்கோ வேட்டி, உனக்குக் கட்டத் தெரியாதுல்ல. ஒன் ஃப்ரெண்டு ஒருத்தன் ஜனவரியில வந்துட்டுப் போறான்னு சொன்னயே, அவன் நம்பர் அனுப்பு, குடுத்து விடுறேன். சட்டை மட்டும் இன்னும் எடுக்கல. வீடியோ கால்ல பாத்தா மெலிஞ்ச மாதிரி இருக்க. 40 சைஸே எடுக்கவா, 38 பத்துமா? அளந்து பாத்துச் சொல்லு, சும்மா குத்துமதிப்பா சொல்லாத.

அம்மா