காந்தி சிலையருகே கிழிந்த கை: நகராட்சித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சித் தலைவர், ஆணையர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாலாற்றங்கரையில் உள்ள நம் ஊரின் தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறையும் காலணியும், வேலை முடிந்தபின் கைகால் கழுவச் சோப்புடன் ஒரு குழாயடியும் கேட்டு மூன்று முறை மனுக் கொடுத்திருக்கிறோம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அக்டோபர் 2 அன்று காலையில் கண்டதற்குப் பிறகு, நான்காவது மனுவை ஊரார் எல்லோரும் படிக்கும்படி எழுதத் துணிந்தேன்.

முந்தின இரவு மழையில் பேருந்து நிலையத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டு, காந்தி சிலையின் முதற்படி வரை கழிவுநீர் ஏறியிருந்தது. தாங்கள் மாலையிட வருவதற்குள் அது வடிந்தாக வேண்டும் என்று உத்தரவு. ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா, தோள்வரை கையை உள்ளே விட்டு, அடைத்திருந்த பைகளையும் கந்தலையும் இழுத்து இழுத்து அன்னக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணாடிச் சில்லு ஒன்று அவருடைய உள்ளங்கையைக் கிழித்தது. முந்தானையைக் கிழித்துக் கட்டினார். அதன்மேல் கூடையில் கிடந்த ஒரு பால் பையை மாட்டிக்கொண்டு, அதே கையை மீண்டும் சாக்கடைக்குள் விட்டார். ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அழைத்தேன். "இப்பப் போனா இன்னிக்குக் கூலி போயிடும் சார், முடிச்சிட்டுப் போறேன்" என்றார். அரை மணி நேரத்தில் மேளச் சத்தத்துடன் விழா தொடங்கியது. அவர் கயிற்றுக்கு அப்பால் நின்றிருந்தார்.

முப்பது ஆண்டுகள் வகுப்பில் காந்தியைப் பாடமாக நடத்தியவன் நான். 1901இல் கல்கத்தா காங்கிரசு மாநாட்டில் கழிப்பிடம் நாறிக் கிடந்தபோது, அது எங்கள் வேலையல்ல என்று தொண்டர்கள் ஒதுங்க, துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தவர் அவர். 1915இல் அகமதாபாத் ஆசிரமத்தில் தூதாபாயின் தலித் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டதற்காகப் பண உதவி நின்றது. ஆசிரமத்தை மூட நேர்ந்தாலும் சேரிக்குக் குடிபோவேன் என்று எண்ணினாரே தவிர, அக்குடும்பத்தை அனுப்பிவிடவில்லை. அவருடைய அகிம்சை இப்படித்தான் தொடங்கியது. தண்டி யாத்திரையை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு இவற்றை விரைவாகக் கடந்துபோன குற்றம் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் உண்டு.

ஆண்டுதோறும் சிலைக்கு வண்ணம் பூசப் பணம் கிடைக்கிறது, பந்தலுக்குக் கிடைக்கிறது, ஒலிபெருக்கிக்குக் கிடைக்கிறது. கையுறை என்றால் ஒப்பந்ததாரரைக் கேளுங்கள் என்கிறார்கள். ஒப்பந்ததாரர் நகராட்சியைக் கேட்கச் சொல்கிறார். பாதுகாப்புக் கருவியின்றிக் கழிவுநீர்ப் பாதையில் ஆளை இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. நம் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே 1941இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காமராசர், விடுதலையானபின், முழுக் கவனம் செலுத்த முடியாத பதவி தமக்கு வேண்டாமென்று விலகிக்கொண்டார். தங்களை விலகச் சொல்ல இதை நினைவூட்டவில்லை. அந்த நாற்காலிக்கு அவர் வைத்த மதிப்பைத்தான் நினைவூட்டுகிறேன்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். ஜனவரி 30 அன்று அதே சிலைக்கு மீண்டும் வருவீர்கள். அதற்குள் ஒவ்வொரு பணியாளருக்கும் கையுறையும் காலணியும், வார்டு அலுவலகத்தில் சோப்புடன் ஒரு குழாயடியும் அமைத்துத் தருமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அந்த அம்மாவின் கையில் ஐந்து தையல் போட்டிருக்கிறார்கள். வேலைக்கு வர இயலாமல் அவர் வீட்டில் இருக்கும் நாள்களுக்கும் கூலியைப் பிடிக்காமல் தர வேண்டுகிறேன்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
வேலூர் மாவட்டம்