போஸ்ட் புராசஸரையும் பாடத்தில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினிக் கட்டளைப்படி சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் சிஎன்சி மில்லிங் பயிற்சி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாணவர்கள் கேம் மென்பொருளில் டூல்பாத், அதாவது கட்டர் போக வேண்டிய பாதை, போடுவதையும், திரையில் சிமுலேஷன் ஓட்டிப் பார்ப்பதையும் விரிவாக எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த டூல்பாத்துக்கும் சுழலும் கட்டருக்கும் நடுவில் இருந்து, அந்தப் பாதையை மெஷின் படிக்கும் கட்டளைகளாக எழுதித் தரும் போஸ்ட் புராசஸர் (சுருக்கமாக போஸ்ட்) பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் மில்லிங் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். பயிற்சி முடித்து வேலைக்கு வரும் பிள்ளைகள் தடுமாறுவது அந்த இடத்தில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டர் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்ன வேகத்தில் போக வேண்டும் என்பதைத்தான் கேம் மென்பொருள் கணக்கிடுகிறது. அதை மெஷினை இயக்கும் கன்ட்ரோலருக்கு ஏற்ப, ஃபானக்குக்கு ஒரு மாதிரி, சீமென்ஸுக்கு வேறு மாதிரி, ஹைடன்ஹைனுக்கு இன்னொரு மாதிரி எழுதித் தருவது போஸ்ட். 1950களின் பிற்பகுதியில் எம்ஐடியில் இத்தகைய மெஷின்களுக்கான ஏபிடி என்ற புரோகிராம் மொழி உருவானபோதே இந்த வேலைப் பிரிவினை வந்துவிட்டது. மெஷின் படிக்கும் கட்டளைகளான ஜி கோடுக்கு ஐஎஸ்ஓ 6983 என்ற தரநிலை இருந்தும் ஒவ்வொரு கன்ட்ரோலரும் தன் வழியில்தான் போகிறது. ஆழமான துளையை விட்டு விட்டு இறக்கிப் போட ஃபானக்கில் ஜி83, சீமென்ஸில் சைக்கிள்83, ஹைடன்ஹைனில் க்யூ எண்களாக அடுக்கிய சைக்கிள் 200. பல ஃபானக் மெஷின்களில் எக்ஸ்10 என்று புள்ளி வைக்காமல் எழுதினால், அது 10 மில்லிமீட்டர் அல்ல, 0.010 மில்லிமீட்டர்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், புது மெஷினுக்கான போஸ்ட்டை விற்றவர்கள் தரப்பில் ஒருவர் வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். டூல் மாற்றும் முன் ஸ்பிண்டிலை மேலே அனுப்ப ‘ஜி91 ஜி28 இசட்0’ என்று வர வேண்டும். ஜி28 என்றால் மெஷினின் ஹோம் நிலைக்குப் போ; ஜி91 என்றால் இப்போது நிற்கும் இடத்திலிருந்து அள; ஜி90 என்றால் ஜாபின், அதாவது செதுக்கும் பொருளின், பூஜ்யப் புள்ளியிலிருந்து அள. அவர் மாற்றியதில் ஜி91 விடுபட்டுவிட்டது. ஜி90 நடப்பில் இருக்கும்போது அதே வரிக்கு அர்த்தமே வேறு: முதலில் ஜாபின் இசட் (உயர அச்சு) பூஜ்யத்துக்கு ரேப்பிடில், அதாவது மெஷினின் முழு வேகத்தில், இறங்கு, அப்புறம் ஹோமுக்குப் போ. அங்கே இசட் பூஜ்யத்தை ஜாபின் அடிப்பக்கத்தில் வைப்பதுதான் வழக்கம். கட்டர் ஜாபுக்குள்ளேயே பாய்ந்திருக்கும். ரேப்பிடை வெகுவாகக் குறைத்து, சிங்கிள் பிளாக்கில், ஒவ்வொரு வரியாக நிறுத்தி, ஓட்டிக்கொண்டிருந்த ஆபரேட்டர், மீதி தூரம் மைனஸில் காட்டுவதைக் கவனித்து நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்டை அழுத்தினார். அவருடைய கவனம் ஸ்பிண்டிலைக் காப்பாற்றியது.

சிமுலேஷனில் இது தெரியவில்லை. தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. கேம் மென்பொருளுக்குள் நாம் வழக்கமாக ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன், போஸ்ட் எழுதிய ஜி கோடைப் படிப்பதில்லை. தன் உள்கணக்கைத்தான் படமாகக் காட்டுகிறது. கடைசியில் வரும் ஜி கோடையே படித்துச் சோதிக்க வெரிகட் போன்ற மென்பொருள் வேண்டும். திரையில் பச்சையாக வந்தால் மெஷினிலும் சரியாக இருக்கும் என்று நம்பி வருகிற மாணவரிடம் இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா?

இன்னொரு பழக்கம் என்னை அதிகம் வருத்துகிறது. போஸ்ட் தரும் ஏதோ ஒரு வரி மெஷினுக்கு ஒத்துவராது. உடனே நோட்பேடில் திறந்து அந்த வரியை அழிக்கிறார்கள், கூலன்ட்டுக்கு எம்8 சேர்க்கிறார்கள், ஜாபின் பூஜ்யப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் ஜி54ஐ ஜி55 ஆக்குகிறார்கள். ஒவ்வொரு புரோகிராமுக்கும் இதே வேலை. டிசைனில் ஒரு சின்ன மாற்றம் வந்து மறுபடி போஸ்ட் செய்தால் கையால் செய்த திருத்தம் அத்தனையும் போய்விடும். அவசரத்தில் ஒரு திருத்தம் விட்டுப்போனால் போதும். ஒரே தடவை போஸ்ட்டில் சரிசெய்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது.

போஸ்ட்டைத் திருத்துவது மந்திர வேலை அல்ல. ஃபியூஷன் என்ற மென்பொருளின் போஸ்ட் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சாதாரண உரைக்கோப்பு. ஃப்ரீகேட் என்ற மென்பொருளில் அது பைத்தான் மொழி. புரோகிராமின் தலைப்பை எழுதும் பகுதி, ஒவ்வொரு ஆபரேஷனின் தொடக்கத்தை எழுதும் பகுதி, நேர்கோடு, வளைவு, துளை சைக்கிள், முடிவு என்று தனித்தனியாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். நான் ஒரு போஸ்ட்டைத் தொடும் முன் மெஷின் பக்கத்தில் நிற்பவரிடம்தான் போவேன். அவர்கள் கேட்பது எப்போதும் உருப்படியாக இருக்கும். புரோகிராமின் தலையில் டூல் பட்டியல் வேண்டும், ஒவ்வொரு டூலும் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதும் வேண்டும் என்பார்கள். டூலை எவ்வளவு நீளம் வெளியே விட்டுப் பிடிப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒவ்வொரு டூலின் தொடக்கத்திலும் மெஷினைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் ஜி90 ஜி17 ஜி40 ஜி80, ஜாபின் பூஜ்யத்தைச் சொல்லும் வொர்க் ஆஃப்செட், டூல் நீளத்தைக் கணக்கில் எடுக்கும் ஜி43 எல்லாம் முழுதாக வர வேண்டும் என்பார்கள். நடுவில் டூல் உடைந்தால் முதலிலிருந்து ஓட்டாமல் அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். இரவு ஷிஃப்டில் தனியாக நிற்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது மெஷின் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் எல்லோரும் தொடலாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து அச்சு மெஷினில் சாய்ந்த தளத்துக்கான ஜி68.2, டூல் முனையைக் கட்டுப்படுத்தும் ஜி43.4 என்று வரும்போது அந்த மெஷினின் சுழல் அச்சுகள் எங்கே இருக்கின்றன என்ற கணக்கே உள்ளே வருகிறது. அதை அனுபவசாலிகளிடம் விடுவதுதான் சரி. ஆனால் மூன்று அச்சு போஸ்ட்டையும் பூட்டி, படிக்கக்கூட முடியாத கோப்பாகக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மெஷினை ஓட்டும் பொறுப்பு எங்களுடையது என்றால், போஸ்ட் என்ன எழுதப் போகிறது என்று பார்க்கும் உரிமையும் எங்களுக்கு வேண்டும். வாங்கும்போதே திறந்த போஸ்ட் வேண்டும் என்று ஆர்டரில் எழுதிக் கேட்கலாம்.

பயிற்சி மையங்களுக்கு இதற்காகப் புது மெஷின் எதுவும் தேவையில்லை. போஸ்ட் செய்த புரோகிராமை ஒரு பக்கம் அச்சடித்து, ஒவ்வொரு வரியிலும் கட்டர் எங்கே நிற்கிறது என்று மாணவரை வரையச் சொன்னால் போதும். அப்புறம் ஒரு வரியை வேண்டுமென்றே தவறாக வைத்து, அது போஸ்ட்டின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று தேடச் சொல்லலாம். அடுத்த முறை உங்கள் நிருபர் ஒரு பயிற்சி மையத்துக்குப் போனால், சிமுலேஷனைப் பார்த்த கையோடு, அதிலிருந்து வந்த ஜி கோடை மாணவர் ஒருவரிடம் கொடுத்து வாசித்து விளக்கச் சொல்லட்டும். அவர் சொன்னதை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிஎன்சி புரோகிராமர்